பாசத்தை அளந்து கொடுங்கள்!

குழந்தைகளுக்கு என்ன டிபன் கட்டிக் கொடுப்பது, வயசானவர்களுக்கு எந்த எண்ணெய் நல்லது என்றெல்லாம் நாம் எவ்வளவோ பேசுகிறோம், எழுதுகிறோம். வாசலில் வாலை ஆட்டிக் கொண்டு நிற்கிற வாயில்லா ஜீவனின் வயிற்றைப் பற்றி மட்டும் யாரும் அவ்வளவாக யோசிப்பதில்லை. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதம் நீண்டு விட்டால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது நாயின் வேளைச் சாப்பாட்டைப் பற்றி அல்ல. காலையில் ஒரு தட்டு, ராத்திரி ஒரு தட்டு என்று அது பெரும்பாலான வீடுகளில் ஒழுங்காகவே நடந்து விடுகிறது. வம்பெல்லாம் நடுவில் கொடுக்கிற தீனியில்தான். கடைகளில் 'ட்ரீட்' என்று பாக்கெட் போட்டு விற்கிறார்களே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு சாதாரண வீட்டை எடுத்துக் கொள்ளுங்கள். காலையில் தாத்தா காபி குடிக்கும்போது பிஸ்கட்டை நனைத்து ஒன்று, காலடியில் உட்கார்ந்திருப்பதற்கு ஒன்று. ராத்திரி அப்பா சாப்பிடும்போது 'எனக்குப் போதும், நீ சாப்பிடு' என்று பாதி சப்பாத்தி. டி.வி. பார்க்கும்போது பிள்ளைகள் கையிலிருந்து ஒரு பிடி மிக்ஸர். ஒவ்வொருவரும் கொடுப்பது கொஞ்சம்தான். ஆனால் ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. நாயோ சொல்லாது! அது எல்லோரிடமும் போய், காலையிலிருந்து பட்டினி கிடந்த மாதிரி முகத்தை வைத்துக் கொள்ளும்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிலோ எடையுள்ள ஒரு பொமரேனியன் நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 கலோரி போதும். சின்ன குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்றில் 20 முதல் 25 கலோரி இருக்கிறது. இரண்டு பிஸ்கட் 50, அரைச் சப்பாத்தி 50, ஒரு சின்னப் பிடி மிக்ஸர் 100. ஆக 200 கலோரி. நாள் முழுவதற்கும் தேவையானதில் மூன்றில் இரண்டு பங்கு நொறுக்குத்தீனியிலேயே போய் விட்டது! அதற்கு மேல் இரண்டு வேளைச் சாப்பாடு வேறு. நமக்கு ஒரு நாளைக்கு 2000 கலோரி என்று வைத்துக் கொண்டால், வயிறாரச் சாப்பிட்ட பிறகு 1300 கலோரிக்கு முறுக்கும் சீடையும் தின்பது போல இது. ஒரு நாள் தின்றால் பரவாயில்லை. வருடம் முழுவதும் தின்றால் என்ன ஆவோம்?

கால்நடை மருத்துவர்கள் இதற்கு ஒரு சுலபமான கணக்கு சொல்கிறார்கள். ஒரு நாளைக்குத் தேவையான கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனியாகக் கொடுக்கக் கூடாது. அப்படியென்றால் 5 கிலோ நாய்க்கு 30 கலோரி. பிஸ்கட் கணக்கில் ஒன்றோடு சரி. வீட்டோடு கிடக்கும் 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 500 முதல் 600 கலோரி தேவைப்படும். அதற்கும் இரண்டு பிஸ்கட்டோடு பாத்திரத்தை மூடி விட வேண்டும்.

'பாவம்' படுத்தும் பாடு

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில், 'பாவம்மா அது, வாயைத் திறந்து கேட்குமா?' என்பதுதான். இந்தப் 'பாவம்' என்ற ஒரு வார்த்தை நம் வீட்டு நாய்களைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை.

2002-ம் வருடம் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டும். 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதை விடக் கால் பங்கு குறைவாகச் சாப்பாடு கொடுத்து, ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். சாப்பாடும் அதேதான், இடமும் அதேதான். கூடுதலாகத் தின்ற கூட்டத்தில் பாதி நாய்கள் 11 வயது சொச்சத்தில் போய் விட்டன. அளவாகத் தின்ற கூட்டத்தில் பாதி நாய்கள் 13 வயது வரை இருந்தன. கிட்டத்தட்ட இரண்டு வருட ஆயுள்! மூட்டு வலியும் அளவாகத் தின்றவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது.

யோசித்துப் பாருங்கள் தோழிகளே. நம்மோடு அது இருக்கப் போவதே பத்துப் பன்னிரண்டு வருடம். அதில் இரண்டு வருடத்தை நம் கையாலேயே பிடுங்கிக் கொள்வதற்குப் பெயர் பாசமா?

இன்னொரு விஷயம். லாப்ரடார் நாய்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசி அடங்காதபடி மரபணுவிலேயே ஒரு மாற்றம் இருப்பதாக 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு தின்றாலும் இன்னும் வேண்டும் என்றுதான் அந்த நாய் பார்க்கும். அதன் கண்ணைப் பார்த்து முடிவு செய்தால் நாம் ஏமாந்து போவோம். நம்ம ஊர் சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் கதை வேறு மாதிரி. அவை ஓட்டத்துக்கென்றே பிறந்தவை. ஒட்டிய வயிறும் ஒல்லி உடம்பும்தான் அவற்றுக்கு அழகு. அதைப் பார்த்து விட்டு, 'சோறே போடுவதில்லையா?' என்று விசாரிக்கிற சொந்தக்காரர்கள் உண்டு. அவர்கள் வாய்க்குப் பயந்து தீனியைக் கூட்டாதீர்கள்.

நாய் சரியான உடம்போடு இருக்கிறதா என்று பார்க்கத் தராசு கூடத் தேவையில்லை. விலாப் பக்கம் கையை வைத்து லேசாகத் தடவிப் பாருங்கள். எலும்புகள் சுலபமாக விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலே இருந்து பார்த்தால் இடுப்பு கொஞ்சம் உள்வாங்கி இருக்க வேண்டும். அழுத்தித் தேடினால்தான் எலும்பு கிடைக்கிறது என்றால், தீனி டப்பாவை மூட வேண்டிய நேரம் வந்து விட்டது.

நமக்கு ருசி, அதற்கு நஞ்சு

அளவு ஒரு பக்கம். என்ன கொடுக்கிறோம் என்பது அதை விட முக்கியம். நாம் தின்பதெல்லாம் நாய்க்கும் ஆகும் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து.

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பு அணுக்களைச் சிதைத்து விடும். பச்சையாக இருந்தாலும் சரி, வெந்திருந்தாலும் சரி, பொடியாக இருந்தாலும் சரி. தின்ற அன்றே தெரியாது. சில நாள் கழித்துத்தான் நாய் சோர்ந்து படுக்கும். அதனால் ஆம்லெட், பிரியாணி, குருமா எல்லாவற்றுக்கும் 'இல்லை' சொல்லி விடுங்கள்.

திராட்சை, காய்ந்த திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எத்தனை தின்றால் கெடுக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்றுக்கு நாலைந்தே போதும். பாயசத்திலும் கேசரியிலும் சர்க்கரைப் பொங்கலிலும் முந்திரியோடு திராட்சை போடுகிறோமே, அதை வழித்து நாய்க்கு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை இன்றோடு நிறுத்துங்கள். திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று 2021-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அதே அமிலம் நிறைய இருக்கும் இன்னொரு பொருள் என்ன தெரியுமா? நம் வீட்டுப் புளி! புளியைத் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததையும் 2022-ல் பதிவு செய்திருக்கிறார்கள். சாம்பார் சாதம், புளியோதரை, வத்தக்குழம்பு என்று தட்டில் மிச்சமானதை நாய் பக்கம் தள்ளுவதற்கு முன் இதை நினைத்துக் கொள்ளுங்கள்.

சாக்லேட் ஆகாது என்பது இப்போது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கறுப்பாக, கசப்பாக இருக்கிற சாக்லேட்தான் அதிக ஆபத்து. காபியும் டீயும் அதே ரகம். அதனால் தாத்தாவின் நனைத்த பிஸ்கட்டுக்கும் தடை போட வேண்டியதுதான்.

புதிதாக வந்திருக்கும் இன்னொரு எமன் சைலிட்டால். சர்க்கரை இல்லாத சூயிங்கம், சர்க்கரை நோயாளிகளுக்கான சில மிட்டாய்கள், சில வகை வேர்க்கடலை வெண்ணெய், சில பற்பசை இவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கிறார்கள். மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கோ அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தத்தில் சர்க்கரை தடதடவென்று இறங்கி வலிப்பு வரை போய் விடும். கல்லீரலும் பாதிக்கும். கைப்பையில் சூயிங்கம் வைத்துக் கொள்ளும் காலேஜ் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், பையை நாய்க்கு எட்டாமல் மாட்டி வையுங்கள்.

கோழி எலும்பு நாய்க்கு இஷ்டம்தான். ஆனால் வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். மாங்கொட்டையும் சோளக்கட்டையும் முழுசாக உள்ளே போய்க் குடலை அடைத்துக் கொண்டால் ஆபரேஷன் வரை இழுத்து விடும். கருவாட்டைக் கண்டால் நாய் ஆலாய்ப் பறக்கும். அதில் இருக்கும் உப்பு அதற்கு ஆகவே ஆகாது. ஊறுகாய், அப்பளம், மிக்ஸர் எல்லாம் அதே கதைதான்.

கொழுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் மேல் வீட்டு அக்காவின் ஸ்பிட்ஸ் நாய்க்கு ஒரு தீபாவளிக்கு வந்த விருந்தாளிகள் ஆளுக்கொரு மட்டன் கொழுப்புத் துண்டாகப் போட்டிருக்கிறார்கள். மறுநாள் வாந்தி நிற்கவில்லை. முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக் கொண்டு நின்றது. படுக்கவும் முடியவில்லை. கணையம் வீங்கி விட்டது என்று சொல்லி மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிழைத்துக் கொண்டது. ஆனால் அந்த மூன்று நாளும் அக்கா வீட்டில் அடுப்பு எரியவில்லை. கொடுத்த விருந்தாளிகள் ஊருக்குப் போய் விட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அழுதது அக்காதானே!

ஏதாவது ஆகாததைத் தின்று விட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் கைவைத்தியம் செய்யாதீர்கள். அந்த உப்பே விஷமாகி விடும். என்ன தின்றது, எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்று குறித்துக் கொண்டு, காகிதமோ பாக்கெட்டோ இருந்தால் அதையும் எடுத்துக் கொண்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

சமையலறையிலேயே இருக்கிறது

'இதெல்லாம் கூடாது என்றால் எதைத்தான் கொடுப்பது?' என்று கேட்பீர்கள். காய்கறிக் கூடையைப் பாருங்கள். பாதிக்கு மேல் அங்கேயே இருக்கிறது.

கேரட்டைப் பொடியாக நறுக்கி நாலு துண்டு. 'கறுக் முறுக்'கென்று கடிப்பதில் நாய்க்குப் பரம சந்தோஷம். 100 கிராம் கேரட்டில் 40 கலோரி அளவுதான். வெள்ளரிக்காயில் 100 கிராமுக்கு 15 கலோரி அளவுதான் இருக்கிறது. வெயில் காலத்துக்கு இதை விட நல்ல தீனி கிடையாது. உப்பு, காரம் போடாமல் அவித்த பீன்ஸ், பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் நல்லது. பொரியலுக்குத் தாளிக்கும் முன்பே நாய்க்கு ஒரு கரண்டி எடுத்து வைத்து விட்டால் தனியாக அடுப்பு பற்ற வைக்கும் வேலையும் மிச்சம்.

பழங்களில் ஆப்பிளை விதையும் நடுத்தண்டும் எடுத்து விட்டுக் கொடுக்கலாம். தர்பூசணியும் பப்பாளியும் விதையில்லாமல். வாழைப்பழம் இரண்டு வில்லை போதும், அதில் இனிப்பு அதிகம். மாம்பழச் சதை ஒரு துண்டு கொடுக்கலாம், கொட்டை கூடாது.

அசைவம் சாப்பிடும் வீடாக இருந்தால், தோலும் எலும்பும் இல்லாத கோழிக்கறியை வெறும் தண்ணீரில் வேக வைத்துப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து வைத்துக் கொள்ளலாம். முள் இல்லாத வெந்த மீனும் அப்படியே. முட்டையை அவித்துக் கொடுங்கள். ஒரு முட்டையில் 70 கலோரிக்குக் குறையாமல் இருப்பதால் சின்ன நாய்க்குக் கால் முட்டையே தாராளம்.

சைவ வீட்டுத் தோழிகள் கவலைப்பட வேண்டாம். ஓநாயிலிருந்து பிரிந்து மனிதனோடு வாழ ஆரம்பித்த பிறகு, மாவுச்சத்தைச் செரிக்கும் சக்தி நாய்க்கு மரபணுவிலேயே கூடியிருக்கிறது என்று 2013-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஒரு விள்ளல் வெறும் இட்லி கொடுத்தால் ஒன்றும் ஆகாது, சட்னி சாம்பார் மட்டும் தொடக் கூடாது. பால் பல நாய்களுக்கு ஒத்துக் கொள்ளாமல் வயிற்றுப்போக்கு வரும். தயிர் அதை விடத் தேவலை, ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்க்கலாம். தேங்காய்ச் சில்லுக்கு எல்லா நாயும் அடிமை. ஆனால் அதில் கொழுப்பு அதிகம். நகக்கண் அளவோடு நிறுத்துங்கள், குண்டு நாய்க்கு அதுவும் வேண்டாம்.

எது புதிதாகக் கொடுத்தாலும் ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் கொஞ்சமாக. மறுநாள் வயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்து விட்டு மேலே போங்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு என்று வைத்தியத்தில் இருக்கும் நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் கேரட் கூடக் கொடுக்க வேண்டாம்.

கடைப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

விலை கொடுத்து வாங்கினால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். புடவை எடுக்கும்போது முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நாம், நாய் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலில் முதலில் வருவதுதான் அதிகம் இருப்பது. முதலிலேயே மைதாவும் சர்க்கரையும் இருந்தால் கீழே வைத்து விடுங்கள். ஒரு துண்டில் எத்தனை கலோரி என்று போட்டிருந்தால் நல்லது.

சிவப்பும் பச்சையுமாக எலும்பு வடிவத்தில் பிஸ்கட் வருகிறதே, அந்த நிறம் யாருக்காக என்கிறீர்கள்? நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் ஓரளவு தெரியும். சிவப்பையும் பச்சையையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. அந்தச் சாயமெல்லாம் வாங்குகிற நமக்காகத்தான்!

காய்ந்த இறைச்சித் துண்டுகள் விஷயத்திலும் ஜாக்கிரதை தேவை. 2007-ல் தொடங்கிப் பல வருடங்கள், பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த இந்த மாதிரித் தீனியைத் தின்ற நாய்கள் நோய்வாய்ப்பட்டதாக அமெரிக்க உணவு, மருந்துத் துறைக்குப் புகார்கள் குவிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகச் சொல்லப்பட்டது. எங்கே, யார் செய்தது என்று போடாத பாக்கெட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள்.

கடித்துக் கொண்டே இருக்கட்டும் என்று வாங்கித் தரும் எலும்பு, கொம்பு மாதிரிப் பொருள்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் பதியவில்லை என்றால் அது நாயின் பல்லை உடைக்கும். மாட்டுத்தோலைச் சுருட்டிச் செய்த குச்சிகள் ஊறி, கடைசித் துண்டு முழுசாக உள்ளே போய்த் தொண்டையை அடைக்கலாம். பக்கத்தில் ஆள் இல்லாதபோது இவற்றைக் கொடுக்கவே கூடாது.

ஒரே ஒரு டப்பா

எங்கள் வீட்டில் இருப்பது தெருவிலிருந்து வந்து சேர்ந்த நாட்டு நாய். மணி என்று பெயர். வீட்டில் ஆறு பேர், அதாவது பன்னிரண்டு கை. அது குட்டியாக வந்த அன்றே நான் ஒரு சட்டம் போட்டேன். தினமும் காலையில் காய் நறுக்கும்போது, அன்றைக்கு மணிக்கு உண்டான தீனியை ஒரு சின்ன மூடி போட்ட டப்பாவில் எடுத்துப் பிரிட்ஜில் வைத்து விடுவேன். எல்லாம் பட்டாணி அளவுத் துண்டுகள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். டப்பா காலியானால் மறுநாள்தான்.

முதலில் மாமனார்தான் முணுமுணுத்தார். 'ஏம்மா, நாய்க்குப் போய் ரேஷனா?' என்றார். 'மாமா, உங்களுக்கு டாக்டர் சர்க்கரையை அளந்து கொடுக்கச் சொன்ன மாதிரிதான்' என்றேன். சிரித்து விட்டார். இப்போது டப்பாவைத் திறந்து, 'இன்றைக்குப் பாதி தீர்ந்து போச்சே, யார் கொடுத்தது?' என்று விசாரிப்பவரே அவர்தான்!

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. துண்டு பெரிதா சின்னதா என்று நாய் பார்ப்பதில்லை. கையிலிருந்து தனக்கு ஒன்று கிடைத்தது என்பதுதான் அதற்குச் சந்தோஷம். ஒரு பெரிய பிஸ்கட்டை விட, பத்துச் சின்னத் துண்டுகளைப் பத்துத் தடவை கொடுப்பதில்தான் அதற்கும் நமக்கும் லாபம். 'உட்கார்' என்றால் உட்கார்ந்ததற்கு, வாசலில் ஆள் வந்தபோது குரைப்பதை நிறுத்தியதற்கு, நகம் வெட்டப் பேசாமல் கால் நீட்டியதற்கு என்று காரணத்தோடு கொடுங்கள். சும்மா சும்மா கொடுத்தால் பிச்சை கேட்கத்தான் பழகும். சாப்பாட்டு மேஜைப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு தடவை கொடுத்தாலும் போச்சு, அப்புறம் ஆயுளுக்கும் அங்கேதான் நிற்கும்.

கடையில் விற்கும் நாய்த் தீவனத்தையே வேளைச் சாப்பாடாகப் போடுகிறவர்கள், அன்றைய அளவிலிருந்தே ஒரு பிடியை டப்பாவில் எடுத்து வைத்து விடலாம். தனிச் செலவும் இல்லை, கணக்கும் தப்பாது. மழை நாளில் வெளியே போக முடியாவிட்டால், ஒரு பழைய துண்டில் நாலு துண்டு கேரட்டைச் சுருட்டிக் கொடுங்கள். மோப்பம் பிடித்துத் தேடி எடுக்கப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் அது நம் காலைச் சுற்றாது!

அந்தக் காலத்து நாய்கள்

'அந்தக் காலத்தில் நாய்க்கு இப்படியா பார்த்தார்கள்? பழைய சோறும் குழம்பும் தின்று நன்றாகத்தானே இருந்தது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். அந்த நாய்கள் தோட்டத்திலும் தெருவிலும் ராத்திரியெல்லாம் ஓடின. தின்றது உடம்பில் ஒட்டவில்லை. எத்தனை வயதில் போயின, எதனால் போயின என்று யாரும் எழுதியும் வைக்கவில்லை. இன்றைக்கு அடுக்குமாடி வீட்டில், காலையில் பத்து நிமிஷம் மாலையில் பத்து நிமிஷம் நடந்து விட்டு, மீதி நேரம் சோபாவில் படுத்திருக்கிற நாய்க்கு அந்தச் சாப்பாட்டுக் கணக்கு பொருந்துமா?

கடைசியாக ஒன்று. நாய் வேண்டும் என்று அழுது வாங்குவது பிள்ளைகள். 'நான்தான் குளிப்பாட்டுவேன், நான்தான் கூட்டிக் கொண்டு போவேன்' என்று சத்தியம் செய்வதும் அவர்கள். ஒரு மாதம் போனால் எல்லாம் அம்மா தலையில்! வாந்தி எடுத்தால் துடைப்பது நாம், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவது நாம், ராத்திரி கண் விழிப்பதும் நாம். ஆனால் பிஸ்கட் கொடுத்து நல்ல பெயர் வாங்குவது மட்டும் மற்றவர்கள். 'இல்லை' என்று சொல்கிற நாம் கல்நெஞ்சுக்காரி!

வேலை நம்முடையது என்றால் அதிகாரமும் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. குழந்தை அழுகிறது என்பதற்காக முழு டப்பா மிட்டாயையும் எடுத்துக் கொடுத்து விடுகிறோமா? 'போதும்டா கண்ணா, நாளைக்கு' என்கிறோம். அப்போது நம்மைப் பாசமில்லாதவள் என்று யாரும் சொல்வதில்லை. நாய்க்கும் அதே நியாயம்தான். கொடுப்பவர் கை எட்டாக இருக்கலாம், பத்தாக இருக்கலாம். அளப்பவர் கை ஒன்றாக இருக்கட்டும். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து இதை ஒரு தடவை சொல்லி விடுங்கள். விருந்தாளிகளிடமும் கூச்சப்படாமல், 'அதுக்கு வெளித்தீனி ஆகாதுங்க, டாக்டர் சொல்லியிருக்கார்' என்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

அடுக்களை அலமாரியில் மூடி சரியாக இருக்கிற ஒரு சின்ன டப்பா எல்லோர் வீட்டிலும் இருக்கும். நாளைக் காலை காய் நறுக்கும்போது அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். என்ன தோழிகளே, செய்வீர்கள்தானே?

- ஒரு இல்லத்தரசி, திருச்சி.